ஐபி முகவரி வீட்டைக் காட்டாது: புதுச்சேரி, கடலூர் இணையவழிக் குற்றப்பிரிவு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

புதுச்சேரியிலும் கடலூர் மாவட்டத்திலும் வீடுகளுக்கும் கடைகளுக்கும் பிராட்பேண்ட் இணைப்புக் கொடுப்பவர்கள், அந்த இணைப்புகள் ஓடும் வலையமைப்பைப் பராமரிப்பவர்கள், சர்வர் நிர்வாகம் செய்பவர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். ஒரு புகாரில் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண், கிடைத்தால் அதை வைத்து ஆளை எதுவரை நெருங்க முடியும், எங்கே அது தவறான வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் பிரிவில் பலருக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். மனுவை முதலில் வாங்கும் காவல் நிலையத்துக்கும், மனு கொடுக்கும் பொதுமக்களுக்கும், அவர்களுக்கு மனு எழுதித் தருபவர்களுக்கும் தெரிவதில்லை. அவர்களும் படிக்க வேண்டும் என்பதால்தான் திறந்த மடல்.

போலிக் கணக்கு, மிரட்டல் மின்னஞ்சல், பண மோசடி என ஏதோ ஒன்றில் பாதிக்கப்பட்டவர் எப்படியோ ஓர் ஐபி முகவரியைப் பிடித்துவிடுகிறார். இலவச இணையதளம் ஒன்றில் அதைப் போடுகிறார். நாடு, மாநிலம், ஊர், அஞ்சல் எண், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் வரிசையாக வந்து விழுகின்றன. கீழே மேப்பில் ஒரு சிவப்புக் குறி. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிரிண்ட் போட்டு, மனுவோடு பின் அடித்து, "லொக்கேஷன் இதுதான் சார்" என்று கொடுக்கிறார். அந்தச் சிவப்புக் குறிக்கும் குற்றம் செய்தவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் பெரும்பாலும் எந்தத் தொடர்பும் இருப்பதில்லை.

காரணம் எளிது. ஐபி முகவரி இடத்துக்குக் கொடுக்கப்படுவது அல்ல, நிறுவனத்துக்குக் கொடுக்கப்படுவது. ஆசிய பசிபிக் பகுதிக்கான முகவரிகளை பிரிஸ்பேனில் உள்ள ஏப்னிக் பங்கிடுகிறது. இந்தியாவில் அந்த வேலையை தேசிய இணையப் பரிமாற்ற நிறுவனமான நிக்ஸியின் கீழ் இயங்கும் ஐரின் செய்கிறது. இவற்றின் பதிவேட்டில் இருப்பது முகவரித் தொகுதியை வாங்கிய நிறுவனத்தின் பெயரும் அதன் அலுவலக விலாசமும் மட்டுமே. அந்தத் தொகுதி பண்ருட்டியில் ஓடுகிறதா, பாகூரில் ஓடுகிறதா என்று பதிவேடு சொல்லாது. இடம் காட்டும் தரவுத்தளங்களை நடத்துபவை தனியார் நிறுவனங்கள். பதிவேட்டு விலாசம், தரவு எந்த வழியாகப் போகிறது என்ற ரூட்டிங் விவரம், பாக்கெட் எனப்படும் தரவுத் துண்டு போய் வரும் நேரம், எங்கிருந்தோ கிடைக்கும் ஜிபிஎஸ் தகவல் எல்லாவற்றையும் சேர்த்து அவை ஓர் ஊகத்தை எழுதிவைக்கின்றன. நாடு ஏறத்தாழ எப்போதும் சரியாக இருக்கும். மாநிலம் பல நேரம் சரி. ஊர் என்று வரும்போது நம்பிக்கை குறைந்துவிடும். தெருவும் வீடும் அந்தத் தரவில் இல்லவே இல்லை.

நம் பகுதியில் ஊர்ப்பெயரே ஏன் தவறுகிறது என்பதற்குக் கம்பியின் வழியைப் பார்த்தால் போதும். நெல்லிக்குப்பத்தில் ஒரு வீட்டு ரவுட்டரிலிருந்து ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்கும், அங்கிருந்து ஆபரேட்டர் அறையில் பல வீட்டு இணைப்புகள் வந்து சேரும் ஓஎல்டி பெட்டிக்கும் போகிறது. அதுவரைக்கும் அந்த வாடிக்கையாளருக்கு இணையத்தில் முகவரியே கிடையாது. யூசர்நேம், பாஸ்வேர்டு சரிபார்த்து ஐபி கொடுக்கும் கருவி பல நிறுவனங்களுக்குச் சென்னையில் இருக்கிறது. வெளியுலகுக்கு அந்த இணைப்பு சென்னையில் பிறக்கிறது. அதனால்தான் திருப்பாதிரிப்புலியூரில் உட்கார்ந்து வங்கிக் கணக்கில் நுழைந்தவருக்கு "சென்னையிலிருந்து லாகின்" என்று எச்சரிக்கை வருகிறது. அதைப் பார்த்துப் பதறி உங்களிடம் ஓடி வருபவர்களும் உண்டு. நேரமும் கருவியும் அவருடையதாக இருந்தால் ஊர்ப்பெயரை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டியதில்லை என்று அவர்களுக்குச் சொல்லலாம். மொபைல் டேட்டாவில் இன்னும் மோசம். சிம் எந்த டவரில் இருந்தாலும், இணையத்துக்குள் நுழையும் வாசல் நிறுவனத்தின் மைய கேட்வே. அது வேறு மாநிலத்தில்கூட இருக்கலாம்.

அந்த ஸ்கிரீன்ஷாட்டில் ஆளை அதிகம் ஏமாற்றுவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்தான். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தால் அது சுமார் 11 மீட்டர் துல்லியம். ஒரு வீட்டு வாசலைக் காட்டும் அளவு. தரவுத்தளத்திடம் இருப்பதோ "புதுச்சேரி" என்ற பெயர் மட்டும். பெயரோடு ஓர் எண்ணும் தர வேண்டும் என்பதால் ஊரின் நடுப்புள்ளி என்று ஒன்றை எடுத்துப் போட்டுவிடுகிறது. அந்தப் புள்ளியில் யார் வீடு இருக்கிறதோ, யார் கடை இருக்கிறதோ, அவர் அந்த ஊரின் எல்லா ஐபி முகவரிகளுக்கும் பலியாடு ஆகிறார். நல்ல தரவுத்தளங்கள் பக்கத்திலேயே பிழை ஆரம் என்று ஒரு கட்டம் கொடுக்கின்றன. 50 கிலோமீட்டர், 100 கிலோமீட்டர் என்றெல்லாம் அதில் இருக்கும். இலவசத் தளங்கள் பலவும் அந்தக் கட்டத்தை மறைத்துவிட்டுச் சிவப்புக் குறியை மட்டும் காட்டுகின்றன.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பாட்வின் என்ற சிற்றூரின் பக்கத்திலுள்ள பண்ணை வீடு சாட்சி. மேக்ஸ்மைண்ட் என்ற தரவுத்தள நிறுவனம், "அமெரிக்கா" என்பதற்கு மேல் எதுவும் தெரியாத முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியில் 38 பாகை வடக்கு, 97 பாகை மேற்கு என்று முழு எண்ணாக ஒரு புள்ளியை வைத்தது. அந்தப் புள்ளி விழுந்த இடம் அந்தப் பண்ணை. 2016ல் செய்தி வெளியானபோது 60 கோடிக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள் அந்த ஒரே புள்ளியோடு கட்டப்பட்டிருந்தன. மத்தியப் புலனாய்வு அதிகாரிகள், வரி அதிகாரிகள், தற்கொலைக்கு முயன்றவரைத் தேடி வந்த ஆம்புலன்ஸ் என ஆண்டுக்கணக்கில் அந்த வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். அங்கே குடியிருந்தவர்கள் செய்த குற்றம் எதுவும் இல்லை. பிறகு அந்த நிறுவனம் புள்ளியை ஓர் ஏரியின் நடுவே நகர்த்தியது. அதைச் செய்ய வேண்டியிருந்தது என்பதே, அந்தக் குறியை வீடு என்று நம்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்பதைச் சொல்கிறது.

நம் பகுதிக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டு நிலம் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். முள்ளோடையைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். மடுகரையில் நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் சில நிமிடத்தில் தமிழ்நாடு. தொலைத்தொடர்பு உரிமத்தைப் பொறுத்தவரை புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாடு வட்டத்தில் அடங்கும். மாஹே கேரள வட்டம், ஏனாம் ஆந்திர வட்டம். ஆகவே மாநிலம் "தமிழ்நாடு" என்று வந்தால் ஆள் லாஸ்பேட்டையில் இருப்பதற்கு அது தடை அல்ல. அஞ்சல் எண்ணை நம்பினாலும் கதை அதுதான். 605 என்று தொடங்கினால் புதுச்சேரி என்று நினைப்போம். விழுப்புரம் நகரமே 605602. பாகூர், கிருமாம்பாக்கம் புதுச்சேரிதான், ஆனால் அவற்றின் அஞ்சல் எண் கடலூரைப்போல 607 என்று தொடங்கும். தரவுத்தளத்தை நடத்தும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு இந்த நுணுக்கம் எங்கே தெரியும்?

பாக்கெட் போய் வரும் நேரத்தை அளந்து இடம் சொல்லிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. போய் வரும் கணக்கில் 100 கிலோமீட்டருக்கு ஒரு மில்லிசெகண்ட். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே 22 கிலோமீட்டர்தான். கால் மில்லிசெகண்ட்கூட வராது. வீட்டு வைஃபையின் ஏற்ற இறக்கமே அதைவிடப் பல மடங்கு. வழக்கு எந்த எல்லைக்குள் வரும் என்று தீர்மானிக்க ஐபி மேப்பை எடுத்துவைப்பது அடிப்படையே இல்லாத வேலை. கடலூர் எஸ்பி அலுவலகத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே மனு அலைந்து, பாதிக்கப்பட்டவர் ரெட்டிச்சாவடிக்கும் கன்னியக்கோயிலுக்கும் நடுவில் நிற்கும் நிலை இதனால் வரக்கூடாது. பணம் போன புகார் என்றால் இணைய மோசடி உதவி எண் 1930க்கு உடனே அழைக்கச் சொல்லி, எல்லைக் கேள்வியைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எங்கள் தொழிலில் உள்ளவர்களே சரியாக விளக்காமல் விட்ட விஷயம். ஒரு ஐபி, ஒரு வாடிக்கையாளர் என்ற காலம் போய்விட்டது.

பழைய ஐபிவி4 முறையில் மொத்த முகவரிகளே சுமார் 429 கோடி. உலக இருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஏப்னிக் தன் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த வாடிக்கையாளர்களுக்கு நிறுவனங்கள் ஒரு பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. சிஜிநேட் என்று எங்கள் வட்டாரத்தில் சொல்வோம். இதற்கென்றே 2012ல் 100.64.0.0/10 என்ற தொகுதி ஒதுக்கப்பட்டது. உங்கள் நிலையத்து இணைப்பிலேயே சோதிக்கலாம். பிரவுசரில் 192.168.1.1 அல்லது ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை அடித்து உள்ளே போய், ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி (WAN IP, ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) என்ன என்று பாருங்கள். பிறகு "என் ஐபி என்ன" என்று காட்டும் தளம் ஒன்றைத் திறந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றென்றால் அந்த முகவரி அந்த நேரத்தில் உங்களுடையது மட்டும். ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரையோ 10 என்று தொடங்கியோ இருந்து, தளம் வேறொன்றைக் காட்டினால், வெளியே தெரியும் முகவரியை நீங்கள் முன்பின் தெரியாதவர்களோடு பகிர்கிறீர்கள்.

எத்தனை பேரோடு? ஒரே முகவரியில் ஓடும் பல இணைப்புகளைப் பிரித்துக் காட்ட ஒரு முகவரிக்கு 65,536 போர்ட் எண்கள் உண்டு. முதல் 1,024ஐ ஒதுக்கிவைத்தால் மீதி 64,512. ஆளுக்கு 1,008 போர்ட் என்று பிரித்தால் ஒரே முகவரியில் 64 வாடிக்கையாளர்கள். 504 என்று பிரித்தால் 128 பேர். அந்த 64 பேரில் ஒருவர் மஞ்சக்குப்பத்தில் இருப்பார், ஒருவர் விருத்தாசலத்தில், இன்னொருவர் தாம்பரத்தில். கடற்கரைச் சாலைப் பக்கம் உள்ள லாட்ஜின் பெயரை மட்டும் எழுதினால் ஒரு விருந்தினரைக் கண்டுபிடிக்க முடியாது, அறை எண் வேண்டும். இங்கே அறை எண்தான் போர்ட்.

இந்தப் போர்ட் எண் இல்லாமல் எங்களுக்குக் கடிதம் வந்தால், நேர்மையாக நடக்கும் நிறுவனம் "தனி நபரைச் சொல்ல இயலாது" என்று பதில் எழுதும். அவசரப்படும் நிறுவனம் அந்த நேரத்தில் இருந்தவர்களின் பட்டியலை அனுப்பிவிடும். அந்தப் பட்டியல் சந்தேக நபர்களின் பட்டியல் அல்ல. அதில் உள்ள ஒவ்வொருவரையும் நிலையத்துக்கு வரவழைப்பது ஒரு தெருவில் திருட்டு நடந்ததற்குத் தெருவையே வரவழைப்பதை விடவும் மோசம், ஏனெனில் இவர்கள் ஒரே தெருவில்கூட இல்லை. இது இந்தியாவின் சிக்கல் மட்டும் அல்ல. இந்தப் பகிர்வு முறை புலனாய்வுக்குத் தடையாக இருக்கிறது என்று ஐரோப்பிய காவல் அமைப்பான யூரோபோல் 2017ல் வெளிப்படையாகவே சொன்னது.

போர்ட் எண் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். குற்றம் நடந்த தளத்தின் சர்வர் பதிவில். இணையத்தை நோக்கி நிற்கும் சர்வர்கள் வருபவரின் போர்ட் எண்ணையும், நொடி வரைக்கும் சரியான நேரத்தையும் சேர்த்துப் பதிய வேண்டும் என்று இணைய நெறிமுறை ஆவணம் ஆர்எஃப்சி 6302, 2011லேயே பரிந்துரைத்தது. ஆனாலும் அப்பாச்சி, எஞ்ஜின்எக்ஸ் ஆகிய சர்வர் மென்பொருள்களில் நிறுவும்போது வரும் இயல்பான அமைப்பில் போர்ட் பதிவாவதில்லை. பதிவு வடிவத்தில் ஒரு மாறியைச் சேர்த்தால் போதும், செலவில்லாத வேலை. சர்வருக்கு முன்னால், வருபவரின் கோரிக்கையை இடையில் வாங்கி அனுப்பும் ப்ராக்சியோ சிடிஎன் சேவையோ இருந்தால் அங்கேயும் இதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பதிவில் விழுவது அந்த இடைத்தரகரின் ஐபிதான், வந்தவருடையது அல்ல. இடைத்தரகர் கோரிக்கையின் தலைப்பில் (ஹெடரில்) சேர்த்து அனுப்பும் "உண்மை ஐபி"யைக் குற்றவாளியே போலியாக எழுதி அனுப்பவும் முடியும் என்பதை நினைவில் வையுங்கள். நம் பகுதியில் கல்லூரிகள், மருத்துவமனைகள், கூட்டுறவு நிறுவனங்கள் பலவும் சொந்தத் தளம் நடத்துகின்றன. அவர்களுக்கு நீங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், அடுத்த முறை அவர்கள் தளத்தில் யாராவது கைவரிசை காட்டும்போது கையில் பயன்படும் பதிவு இருக்கும்.

புதிய முறையான ஐபிவி6 முகவரி கிடைத்தால் நிலைமை வேறு, நல்லதும்கூட. அதில் இந்தப் பகிர்வு கிடையாது. எட்டுத் தொகுதிகளாக எழுதப்படும் அந்த நீள முகவரியில் முதல் நான்கு தொகுதிகள் இணைப்பைக் குறிக்கும். பின் நான்கு தொகுதிகள் கருவியைச் சேர்ந்தவை. தனியுரிமைக்காகப் போனும் கணினியும் அந்தப் பின்பாதியை அடிக்கடி மாற்றிக்கொள்ளும். ஆகவே இரண்டு பதிவுகளில் பின்பாதி வேறாக இருப்பதைப் பார்த்து "வேறு ஆள்" என்று முடிவு கட்ட வேண்டாம். முன்பாதியை ஒப்பிடுங்கள். முன்பாதியும் நாளடைவில் மாறக்கூடியதே என்பதால் நேரம் இங்கேயும் அவசியம். இந்த முகவரியைக் கையால் பார்த்து எழுதாதீர்கள். எண்களோடு ஏ முதல் எஃப் வரை ஆங்கில எழுத்துகளும், சுருக்கத்துக்காக இரட்டை முக்காற்புள்ளியும் வரும். ஒரு எழுத்து பிசகினால் வேறொரு வாடிக்கையாளர். மனுதாரரிடம் ஸ்கிரீன்ஷாட்டோடு எழுத்து வடிவிலும் கேட்டு வாங்குங்கள்.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். எங்களுக்கு வரும் கடிதங்களில் தவறான ஆளைக் கொண்டுவந்து நிறுத்தும் பிழை பெரும்பாலும் இதுதான்.

வெளிநாட்டுத் தளங்கள் தரும் பதிவில் நேரம் பொதுவாக உலகப் பொது நேரமான யுடிசி கணக்கில் இருக்கும். நம் நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முன்னால். மார்ச் 14, 20:10:05 யுடிசி என்று இருந்தால், நமக்கு அது மார்ச் 15 அதிகாலை 1:40:05. தேதியே மாறுகிறது. கடிதத்தில் "14.3 அன்று இரவு 8.10" என்று போய்விட்டால், நிறுவனம் 14ஆம் தேதி இரவு 8.10க்கு அந்த முகவரியை வைத்திருந்தவரின் பெயரைச் சரியாகவே எடுத்துக் கொடுக்கும். பதில் சரி, கேள்வி தவறு. அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் பதிவு வந்தால் கோடையில் 12 மணி 30 நிமிடமும் குளிர்காலத்தில் 13 மணி 30 நிமிடமும் கூட்ட வேண்டும். 8.10 என்று மட்டும் எழுதி முற்பகலா பிற்பகலா என்று விட்டாலும் இதே கதி. அதனால் 24 மணி நேர முறையில், நொடி வரை, எந்த நேரக் கணக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முடிந்தால் மூலப் பதிவில் உள்ளதை அப்படியே ஒரு வரியிலும், இந்திய நேரத்துக்கு மாற்றியதை அடுத்த வரியிலும் போடுங்கள். மாற்றுவதில் பிழை இருந்தால் எங்கள் ஆட்கள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கேட்பார்கள்.

நொடி எதற்கு என்றால், பகிர்வு முறையில் ஒருவர் விட்ட போர்ட் சில நிமிடங்களில், சில நேரம் அதற்கும் முன்பே, இன்னொருவருக்குப் போய்விடும். தளத்தின் கடிகாரம் இரண்டு நிமிடம் பிந்தியிருந்தாலே ஆள் மாறிவிடுவார். 2022 ஏப்ரல் 28ல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்இன் வெளியிட்ட உத்தரவு, கருவிகளின் கடிகாரத்தைத் தேசியத் தகவல் மையம் (என்ஐசி) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு ஒத்துவைக்கச் சொல்வது இதற்காகவும்தான். லாட்ஜ் சிசிடிவியை எடுக்கும்போது பதிவுப் பெட்டியான டிவிஆரின் திரையில் காட்டும் நேரத்தையும் உங்கள் போனில் காட்டும் நேரத்தையும் ஒரே படத்தில் வருமாறு புகைப்படம் எடுத்துவிடுங்கள். அந்த வித்தியாசம் தெரியாவிட்டால் பதிவையும் படத்தையும் ஒட்டவைக்க முடியாது.

தவறு எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2007ல் பெங்களூரைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர் ஒருவரை, ஆர்க்குட் என்ற சமூக வலைத்தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் போட்டார் என்று புனே காவல்துறை கைது செய்தது. 50 நாள் சிறையில் இருந்தார். இணைய நிறுவனம் கொடுத்த ஐபி விவரம் அவருடையது அல்ல என்பது பிறகுதான் தெளிவானது. அந்தப் பொறியாளரின் இடத்தில் நம் ஊர் பையன் ஒருவன் வந்துவிடக்கூடாது என்பதுதான் எங்களை எழுத வைக்கிறது.

இணைய நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் இருக்க வேண்டியவை ஐந்து: பொது ஐபி முகவரி, அந்த முகவரியின் பக்கத்துப் போர்ட் எண், சென்று சேர்ந்த சர்வரின் ஐபியும் போர்ட்டும், தரவு போன முறை டிசிபியா யுடிபியா என்ற விவரம், நேரம். குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 94ஆம் பிரிவின் கீழ் இதைக் கேட்கலாம். தளம் போர்ட்டைத் தராவிட்டாலும் கைவிட வேண்டாம். சென்று சேர்ந்த சர்வரின் ஐபியையும் பதியும் நிறுவனங்கள் உண்டு. அதே நொடியில் அதே சர்வருக்குப் போனவர்கள் என்று தேடினால் 64 பேர் ஒருவராகச் சுருங்க வாய்ப்பிருக்கிறது. ஒரே நிகழ்வை நம்பாமல், அந்தப் போலிக் கணக்கின் பல நாள் லாகின் பதிவுகளைக் கேட்டு, எல்லாப் பட்டியலிலும் பொதுவாக வரும் இணைப்பு எது என்று பார்ப்பது அதைவிட உறுதியான வழி.

காலதாமதம் வேண்டாம். உரிமம் பெற்ற நிறுவனங்கள் ஐபிடிஆர் எனப்படும் பயன்பாட்டுப் பதிவைக் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதி மாற்றப்பட்டது. சர்வர் நடத்துபவர்களுக்குச் செர்ட்இன் உத்தரவின்படி 180 நாள்தான். வெளிநாட்டுத் தளங்களில் அதற்கும் முன்பே அழிந்துவிடலாம். மனு வந்த அன்றே பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி அவர்களுக்குக் கோரிக்கை அனுப்பிவிடுங்கள். அமெரிக்க நிறுவனங்கள் வழக்கமாக 90 நாள் அதைத் தனியே எடுத்துவைக்கும். உரிய உத்தரவை அதற்குள் வாங்கிக்கொள்ளலாம். பதிவு கைக்கு வரும்போது சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்குக் கேட்கும் சான்றிதழையும் சேர்த்துக் கேளுங்கள். பிறகு கேட்டால், கையெழுத்துப் போட வேண்டியவர் வேறு ஊருக்கு மாறிப் போயிருப்பார்.

சரி, பெயரும் விலாசமும் வந்துவிட்டது. அப்போதும் கையில் இருப்பது பில் யார் பெயரில் என்பதுதான், விசைப்பலகையில் யார் கை வைத்தார்கள் என்பது அல்ல. உள்ளூர் ஆபரேட்டர்களின் நோட்டு எப்படி இருக்கும் என்பதை நாங்களே சொல்கிறோம். வாடகைக்கு இருந்தவர் காலி செய்து போயிருப்பார், புதிதாக வந்தவர் அதே இணைப்பில் அதே யூசர்நேமில் ரீசார்ஜ் செய்துகொண்டிருப்பார். இணைப்பு அடுத்த தெருவுக்கு மாறியிருக்கும், விண்ணப்பப் படிவத்தில் பழைய கதவு எண். மாடி வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் ஒரே ரவுட்டர். ஒயிட் டவுன் கெஸ்ட் ஹவுஸில் வரவேற்பறைச் சுவரில் வைஃபை பாஸ்வேர்டு ஒட்டியிருக்கும், ஒரு வார இறுதிக்குள் எத்தனையோ பேர் கைமாறும். ஆகவே நேரில் போகும்போது ஓஎல்டியில் அந்த இணைப்பு எந்த பான் போர்ட்டில் (ஃபைபர் செருகும் வாய், மேலே சொன்ன போர்ட் எண் அல்ல), வீட்டில் வைக்கும் ஃபைபர் பெட்டியான ஓஎன்டியின் எந்தச் சீரியல் எண்ணில் ஓடுகிறது என்று ஆபரேட்டரிடம் கேட்டு, வீட்டில் உள்ள பெட்டியின் அடி லேபிளோடு ஒத்துப்பாருங்கள். ஒத்துவராவிட்டால் வீடு தவறு.

வீட்டுக்குள் போனதும் ரவுட்டரை உடனே பிளக்கிலிருந்து பிடுங்க வேண்டாம். இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலும் அவற்றின் அடையாள எண்களான மேக் முகவரிகளும் பல ரவுட்டர்களில் மின்சாரம் போனால் அழிந்துவிடும். முதலில் உள்ளே நுழைந்து அந்தப் பக்கத்தைப் புகைப்படம் எடுங்கள். இப்போதைய போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் போலி மேக் முகவரி ஒன்றை உருவாக்கிக்கொள்வதால், போனில் அச்சடித்த எண்ணும் ரவுட்டரில் உள்ள எண்ணும் பொருந்தாமல் போகலாம். போனின் வைஃபை அமைப்பில் அந்தக் குறிப்பிட்ட இணைப்பைத் திறந்து பார்த்தால்தான் பொருந்தும் எண் தெரியும். ரவுட்டரின் பாஸ்வேர்டு தயாரிப்பாளர் கொடுத்ததாகவே இருக்கிறதா, வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெளியில் உள்ள ஒருவன் இந்த வீட்டு இணைப்பை வழித்தடமாக மட்டும் பயன்படுத்தியிருக்கக்கூடும்.

வெளிநாட்டு ஐபி வந்தாலும் ஆள் வெளிநாட்டில் என்று சொல்ல முடியாது. போக்குவரத்தை வேறு நாட்டு சர்வர் வழியே அனுப்பக்கூடிய விபிஎன் பற்றி அறிவீர்கள். அதிகம் கவனிக்கப்படாதது ரோமிங். பிரான்சிலிருந்து வந்த பயணி தன் ஊர் சிம்மோடு கடற்கரைச் சாலையில் நின்று இணையத்தைப் பயன்படுத்தினால், பெரும்பாலும் அவருடைய போக்குவரத்து சொந்த நிறுவனத்துக்குப் போய் அங்கிருந்துதான் வெளியே வரும். ஐபி பிரான்ஸ் என்று காட்டும். நம் சிம்மோடு துபாயில் இருப்பவர் இந்தியாவில் இருப்பதாகத் தெரிவார்.

மொபைல் இணைப்பில் இடம் வேண்டுமென்றால் ஐபியை விட்டுவிட்டு, ஐபிடிஆரில் உள்ள செல் ஐடியைப் பாருங்கள். அது டவரின் ஒரு பக்கத்தைக் காட்டும். நகரத்துக்குள் சில நூறு மீட்டர், வயல்வெளியிலும் கடலோரத்திலும் சில கிலோமீட்டர் அகலம். முள்ளோடையில் நிற்கும் போன் கடலூர் பக்கத்து டவரைப் பிடித்திருக்கலாம். அதையும் எல்லைக்கான சான்றாக எடுக்க முடியாது.

உங்களிடம் நாங்கள் கேட்பது இவை. மேப் ஸ்கிரீன்ஷாட்டை மனுவின் இணைப்பாக வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் மனு ரசீதான சிஎஸ்ஆரிலோ எஃப்ஐஆரிலோ அந்த விலாசத்தைச் சம்பவ இடமாகவோ எதிரியின் இருப்பிடமாகவோ எழுதாதீர்கள். அதை மட்டும் வைத்து யார் வீட்டுக்கும் ஆள் அனுப்பாதீர்கள். மனு வாங்கும் மேசையில் ஐபி, போர்ட், சேர்ந்த சர்வர், நேரம், நேரக் கணக்கு என்று கட்டம் போட்ட ஒரு பக்கப் படிவத்தை வையுங்கள். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்பது முதல் நாளே தெரிந்துவிடும். போர்ட் இல்லை என்றால் வழக்கு நாட்குறிப்பில் "போர்ட் இல்லை" என்றே எழுதுங்கள். அந்த ஒரு வரி பிற்பாடு ஒரு குடும்பத்தைக் காப்பாற்றலாம்.

எங்கள் பக்கத்து வேலையும் பாக்கி இருக்கிறது. எந்த முகவரித் தொகுதி எந்த ஊரில் ஓடுகிறது என்பதை நிறுவனங்களே வெளியிடும் ஜியோஃபீட் என்ற கோப்பு முறை 2020லிருந்து இருக்கிறது. ஒரு வரிக்கு ஒரு தொகுதி, அதற்கு நேரே நாடு, மாநிலக் குறியீடு, ஊர். ஊருக்கென்று தனித் தொகுதி ஒதுக்கும் நிறுவனங்கள் இதை வெளியிட்டால் புதுச்சேரி இணைப்பைத் தமிழ்நாடு என்றும், கடலூரைச் சென்னை என்றும் காட்டும் பிழை குறையும். வீடு அப்போதும் தெரியாது, தெரியவும் கூடாது. எங்களில் யாருக்கு அந்தக் கோப்பை வெளியிடும் பொறுப்பு இருக்கிறதோ அவர்கள் அதைச் செய்யத் தொடங்குகிறார்கள். ஆபரேட்டர்களாக இருப்பவர்கள் வாடிக்கையாளர் விலாசங்களை ஓஎன்டி சீரியல் எண்ணோடு நேரில் சரிபார்த்துப் புதுப்பிக்க ஒப்புக்கொண்டிருக்கிறோம். மேலே சொன்ன படிவத்தின் மாதிரியை நாங்களே தயாரித்துத் தருகிறோம். இரண்டு பக்கத்து நிலையங்களிலும் மனு வாங்கும் காவலர்களுக்கு அரை நாள் ஒதுக்கினால், ஒரு ரவுட்டரையும் ஒரு மாதிரி ஐபிடிஆர் தாளையும் கொண்டுவந்து நேரில் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
புதுச்சேரி, கடலூர் பகுதியில் இணைய இணைப்பு, வலையமைப்பு, சர்வர் பராமரிப்புத் தொழில் செய்வோர் சிலர்